எண்ணி நின்ற இரவு

சாந்தமூர்த்திக்குக் கை நீளம்.
தக்காளி லாரியை
ஒரு கை ஜன்னலுக்கு வெளியே தொங்க ஓட்டுகிற ஆள்.
தோள் இறங்கும் இடத்திலிருந்து மணிக்கட்டு வரை
ஐம்பத்து மூன்று சென்டிமீட்டர்.
"கறுப்புல போடு, அழுக்குத் தெரியாது."

கறுப்பு நூலில் கண்ணியும் தெரியாது.
சொல்லவில்லை. முன்பணம் கொடுத்திருந்தான்.

மாதிரித் துண்டு முதலில்.
நாற்பது ஊசி, அறுபது வரிசை, டென்ஷன் ஏழு.
கழற்றிய கையோடு அளக்கக் கூடாது.
எடைக்கட்டி தொங்கிய துணி
தன்னை உயரமென்றே நினைத்துக்கொண்டிருக்கும்.
நனைத்து, உலர்த்தி,
ஒரு ராத்திரி சும்மா கிடக்க விட்டால்
உண்மையைச் சொல்லும்:
பத்து சென்டிமீட்டருக்கு நாற்பது வரிசை.
ஆக, கைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு.

ஓசூர் கான்வென்ட் ஒன்றின் ஏலத்தில் எடுத்த மெஷின்.
ஊசி இருநூறு, அதில் வளைந்தவை ஒன்பது.
வளைந்ததையெல்லாம்
கடைசி பெஞ்சுக்கு அனுப்புவதுபோல்
ஓரத்துக்கு மாற்றிவிட்டேன்.
கரண்ட் கேட்காது. வண்டியைத் தள்ள என் தோள் போதும்.
சத்தம்தான்.
சர்ரக் என்று போகும்,
நடுவழியில் எண்ணியை டக் என்று தட்டும்.

கீழ்வீட்டில் கெம்பராஜ்.
வாரத்துக்கொரு ஷிஃப்ட்,
உடம்புக்கு எது ராத்திரி என்றே மறந்துபோனவன்.
முதல் வாரம் துடைப்பக்கட்டையால்
மேல்தளத்தை இடித்தான்.
அடுத்த வாரம் இடிக்கவில்லை.
பழகிவிட்டது என்று நினைத்தேன்.

இடக் கை.
சீப்பைக் கோத்து, எடைக்கட்டி இரண்டு மாட்டி,
ஏழு வரிசைக்கு ஒருமுறை
இரு ஓரத்திலும் ஒவ்வோர் ஊசி கூட்டி,
பதினெட்டு முறை கூட்டி முடித்தாயிற்று.
இனி நேர் ஓட்டம்.
அடையாளம் வைக்க ஒன்றுமில்லாத வெறும் சாலை.

இடையில் வண்டி இழுத்தது.
பிரஷ்ஷில் பஞ்சு. துடைத்தேன்.
பக்கத்துப் பொத்தானை அமுக்கி
கண்ணி எதையும் தொடாமல் சும்மா
அங்கே ஒரு முறை, இங்கே ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன்.
சரியாகிவிட்டது. தொடர்ந்தேன்.

தேன்கனிக்கோட்டை முழுக்கக் கரண்ட் போனது.
மார்கழிக் குளிரில் விரல் விறைத்து
செல்போன் வெளிச்சத்தில் எண்ணியைப் பார்த்தால்
நூற்று முப்பத்தேழு.
டீ குடிப்பதற்கு முன்னாலும்
நூற்று முப்பத்தேழுதான்.
உள்ளே ஒரு பல் உடைந்து கிடந்தது.

சர்ரக் மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.
டக் நின்றது எனக்குத் தெரியவில்லை.

படியில் செருப்புச் சத்தம்.
கம்பளியைத் தலையோடு போர்த்தி நின்றான் கெம்பராஜ்.
"நூத்தி எம்பத்தாறுல நிறுத்திட்டீங்கக்கா."

எப்படித் தெரியும்?

"சீப்பு ணங்குன்னதிலேர்ந்து எண்ணுறேன்.
எண்ணினா தூக்கம் வரும்னாங்க.
இப்ப நீங்க முடிக்காம வர மாட்டேங்குது.
நடுவுல அந்த டக் செத்துப்போச்சு.
நான் சர்ரக்கைப் பிடிச்சுக்கிட்டேன்."

கோபமா, இல்லையா,
இருட்டில் முகம் தெரியவில்லை.
இறங்கிப் போய்விட்டான்.

துணிக்குப் பின்னால் வெளிச்சத்தைப் பிடித்து
குண்டூசி முனையால் ஒவ்வொரு வரிசையாக ஏறினேன்.
நூற்று எண்பத்து நான்கு.
மறுபடியும் எண்ணினேன். நான்குதான்.

அந்த இரண்டு,
துடைத்த பிறகு ஓட்டிய வெறும் ஓட்டம்.
எண்ணி உயிரோடு இருந்திருந்தால்
நானே விரலால் இரண்டு பின்னுக்குத் திருப்பியிருப்பேன்.
அவன் தலைக்குள் யார் விரல் விடுவது?

மீதி இருபத்தெட்டையும் ஓட்டிக் கழற்றினேன்.

மறுநாள் ராத்திரி வலக் கை.
சுவரில் சாக்பீஸால் பத்துக்கொரு கோடு.
நூறு தாண்டியபோது ஒரு கண்ணி நழுவியது.
நாக்கு ஊசியால் கீழிருந்து
ஏணிப்படியாக ஏற்றிக்கொண்டு வந்து
இடத்தில் மாட்டினேன்.
அதுவரை கீழே இருமல்கூட இல்லை.

இருநூற்றுப் பதினொன்று.
இருநூற்றுப் பன்னிரண்டு.
சாந்தமூர்த்தியின் கை முடிந்துவிட்டது.

பொத்தானை அமுக்கினேன்.
கண்ணி எதையும் தொடாமல்
அங்கே ஒரு முறை,
இங்கே ஒரு முறை.

கீழே கட்டில் கிறீச்சிட்டது,
ஆள் புரண்டு படுப்பதுபோல்.